கடவுளின் நாய்கள்

1691-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், லிவோனியாவில் ஒரு திருட்டு வழக்கு விசாரணைக்கு வந்தது. யூர்கன்ஸ்புர்க் என்ற ஊர்த் தேவாலயத்தில் நடந்த களவு. சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் தீஸ் என்ற குடியானவர். எண்பது வயதைத் தாண்டியவர். அவர் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டிய நேரத்தில், தன் பிரமாணத்தை அப்போதுதான் முடித்திருந்த இன்னொரு சாட்சி சிரித்துவிட்டான். அவன் கால்டன்புருன்னில் விடுதி நடத்துகிறவன். கிழவர் அவன் இடத்தில்தான் ஒண்டிக்கொண்டிருந்தார். ஏன் சிரிப்பு என்று நீதிபதிகள் கேட்டார்கள். கிழவர் ஓநாயாகத் திரிந்தவர் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி, அவரைப் போய்ச் சத்தியம் செய்யச் சொல்கிறார்களே என்பதுதான் அவன் சொன்ன காரணம்.

கிழவர் மறுக்கவில்லை. ஓநாயாக இருந்தது வாஸ்தவம்தான், பத்து வருஷத்துக்கு முன்பே விட்டாயிற்று என்றார். களவு வழக்கு பின்னுக்குப் போனது. எழுத்தர் கேள்வியும் பதிலுமாக எழுதிக்கொண்டே போனார். அந்தக் காகிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. 2020-இல் அவை முழுசாக ஆங்கிலத்தில் வந்தபின், சில நாவல்களைப் படிக்கிற மாதிரி நான் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன்.

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது இரண்டு விதமான எதிர்வினைகள். ஒருவர், எல்லாம் மூடநம்பிக்கை, அறியாமை, நமக்கு எதற்கு அது என்றார். இன்னொருவர், ஆஹா, என்ன ஒரு தொன்மம், எத்தனை அடுக்குகள் என்றார். இரண்டு பேருமே கிழவர் சொன்னது என்ன என்று கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

*

மனிதன் மிருகமாவது நமக்குப் புதிதில்லை. ஆனால் நம் கதைகளில் கூடு விட்டுக் கூடு பாய்கிறவன் பெரும்பாலும் சித்தன், அல்லது ராஜா. அது ஒரு வித்தை. ஐரோப்பாவில் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் நீதிமன்றக் கட்டுகளில் ஓநாயானவன் குடியானவன், பிச்சைக்காரன், ஆடு மேய்க்கிற பையன். அது ஒரு குற்றம்.

மிகப் பிரசித்தமானது பீட்டர் ஸ்டும்ப்பின் வழக்கு. கொலோனுக்குப் பக்கத்தில் பெட்புர்க் என்ற ஊர், 1589. 1583-லிருந்து 1588 வரை நடந்த கொலோன் யுத்தம் அந்தப் பிரதேசத்தைச் சூறையாடி ஓய்ந்திருந்தது. பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதற்குக் காரணம் தேடிய ஊருக்கு ஸ்டும்ப் கிடைத்தான். சித்திரவதைக் கருவியைக் காட்டியதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பிசாசு தனக்கு ஒரு இடைவார் கொடுத்தது, அதைக் கட்டினால் ஓநாய், அவிழ்த்தால் மனிதன். இடைவாரை ஓர் இடத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னான். ஆட்கள் போய்த் தேடினார்கள். இல்லை. கொடுத்த பிசாசே எடுத்துக்கொண்டுவிட்டது என்று முடிவாயிற்று. அக்டோபர் 31-ஆம் தேதி அவனைக் குரூரமாகக் கொன்றார்கள். மறு வருஷமே லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் விற்பனைக்கு வந்தது.

இடைவார் கிடைத்திருந்தால் அது சாட்சியம். கிடைக்காததும் சாட்சியம். இப்படிப்பட்ட விசாரணையில் பதிலுக்கு என்ன வேலை? கேள்வி ஏற்கெனவே ஒரு வீட்டைக் கட்டி வைத்திருக்கிறது. பதில் அதற்குள் குடிபுக வேண்டியதுதான்.

1603-இல் பிரான்ஸின் தென்மேற்கில் ழான் கிரெனியே என்ற பையன். பதின்மூன்று, பதினான்கு வயது. ஆடு மேய்க்கிற ஒரு சிறுமியிடம், தான் ஓநாயாக மாறுகிறவன் என்று பெருமை அடித்துக்கொண்டான். அந்தப் பக்கத்தில் குழந்தைகள் காணாமல் போயிருந்தன. காட்டின் எஜமான் ஒருவன் தனக்கு ஓநாய்த் தோல் கொடுத்ததாக விசாரணையில் சொன்னான். போர்தோ நீதிமன்றம் அவனை எரிக்கவில்லை. வயதையும் மந்த புத்தியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆயுள் முழுக்க ஒரு மடத்தில் அடைத்து வைக்கச் சொன்னது. சூனியக்காரர்களை வேட்டையாடிய நீதிபதி பியர் தெ லாங்க்ர் 1610-இல் அவனைப் போய்ப் பார்த்தார். பையன் இன்னமும் நாலு காலில் நடப்பதில் பிரியமுள்ளவனாக இருந்தான் என்று எழுதி வைத்தார். ஏழு வருஷம் ஓர் ஓநாயைப் பார்க்கிற கண்ணோடு எல்லோரும் பார்த்தால் யார்தான் நாலு காலில் நடக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

படித்தவர்களின் சர்ச்சை ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. 1563-இல் யோஹான் வையர் என்ற வைத்தியர், இவர்கள் சித்தக் கலக்கத்தால் பீடிக்கப்பட்டவர்கள், தண்டிக்காதீர்கள் என்று எழுதினார். 1580-இல் ழான் போதேன், அரசியல் சிந்தனை வரலாற்றில் மரியாதையாகச் சொல்லப்படுகிற அதே போதேன், மாற்றம் நிஜம்தான் என்று வாதித்தார். வையர் கருணை உள்ளவர், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று. ஒருவருக்கு அந்த வார்த்தைகள் நோயின் அறிகுறி, இன்னொருவருக்குப் பாவத்தின் அத்தாட்சி. அவற்றில் ஏதாவது சொல்லப்பட்டிருக்கலாம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

*

லிவோனியா என்பது இன்றைய லாத்வியாவின் வடக்கும் எஸ்தோனியாவின் தெற்கும். தீஸ் காலத்தில் அரசர் ஸ்வீடன்காரர். நிலம், நீதி, தேவாலயம் மூன்றும் ஜெர்மன் பிரபுக்களிடமும் ஜெர்மன் பேசுகிற படித்தவர்களிடமும் இருந்தன. உழுதவர்கள் நிலத்தோடு கட்டுண்ட லாத்விய, எஸ்தோனியக் குடிகள்.

கிழவரை யாரும் சித்திரவதை செய்யவில்லை. கேட்கக் கேட்கச் சொன்னார். வருஷத்தில் மூன்று இரவுகள்: கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற லூசியா இரவு, பெந்தெகொஸ்தே, நடுக்கோடையில் யோவான் இரவு. அந்த இரவுகளில் ஓநாயானவர்கள் நரகத்துக்குப் போவார்கள். இருபது, முப்பது பேராகச் சேர்ந்து. போகிற காரியம் என்ன? மந்திரவாதிகள் களவாடிப் பிசாசிடம் கொண்டு சேர்த்த விளைச்சலை மீட்டு வர. வாற்கோதுமை, ஓட்ஸ், ரை எல்லாம் அங்கே இருக்கும். வாசலில் காவல் இருப்பவர்கள் இரும்புச் சாட்டையால் நாயை அடிக்கிற மாதிரி அடிப்பார்கள். மீட்டுவிட்டால் அந்த வருஷம் நல்ல விளைச்சல். முந்தின வருஷம் போவதற்குத் தாமதமாகிவிட்டது, ருஷ்யாவின் ஓநாய்கள் முந்திக்கொண்டன, அவர்கள் நாட்டில் நன்றாக விளைந்தது. ஜெர்மன்காரர்கள் இந்த நரகத்துக்கு வருவதில்லை. அவர்களுக்குத் தனி நரகம்.

அவருடைய மூக்கு முன்பே உடைந்திருந்தது. லெம்புர்க்கைச் சேர்ந்த ஸ்கைஸ்தான் என்ற குடியானவன், இறந்து போனவன், நரகத்தில் வைத்து அடித்ததில் உடைந்தது என்றார். ஆயுதம், குதிரை வால் மயிர் சுற்றிய துடைப்பக் கட்டை. ஸ்கைஸ்தான் மந்திரவாதிகள் கட்சி. பத்து வருஷத்துக்கு முன் நிடாவ் நீதிமன்றத்திலும் இதையேதான் சொன்னார். அன்றைய நீதிபதிகள் சிரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1691-இன் நீதிபதிகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு ஒரு சிக்கல். ஓநாயாகிறவன் பிசாசோடு உடன்படிக்கை செய்தவன், அவன் ஆத்மா பிசாசுக்குச் சொந்தம் என்பது அவர்கள் படித்த பாடம். இந்தக் கிழவர் அதைத் தலைகீழாக்குகிறார். பிசாசுக்கு எங்களைக் கண்டால் ஆகாது, நாங்கள் கடவுளின் நாய்கள் என்கிறார். செத்தால் மந்திரவாதியின் ஆத்மாதான் பிசாசுக்கு, எங்கள் ஆத்மா சொர்க்கத்துக்கு என்கிறார். அவர்கள் திரும்பத் திரும்ப உடன்படிக்கையைக் கேட்கிறார்கள். அவர் திரும்பத் திரும்பத் தானியத்தைச் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சமையல். ஓநாய்கள் வழியில் அகப்பட்ட ஆட்டுக்குட்டி, பன்றி எல்லாவற்றையும் பிடித்துத் தின்னும் என்றார். பச்சையாகவா? இல்லை, சுட்டு. ஓநாய்க்குக் கை ஏது, எப்படிச் சுடுவது? பல்லால் கிழித்துக் குச்சியில் கோத்துச் சுடுவோம், தின்கிறபோது மனிதர்களாகத்தான் இருப்போம், உப்பு பண்ணைகளிலிருந்து எடுத்துப் போவோம், ரொட்டி கிடையாது. இந்த உப்பை எந்த நீதிபதியும் கேட்டு வாங்கியிருக்க முடியாது. எந்தப் பிசாசு சாஸ்திரத்திலும் இந்த உப்பு இல்லை. இந்த இடத்தில் ஒரு மனிதன் தன் ஞாபகத்திலிருந்தோ கற்பனையிலிருந்தோ, எதிலிருந்தோ, தானாகப் பேசுகிறான்.

அதே சமயம் அவர் பேச்சு முரண்படவும் செய்தது. முதலில் ஓநாய்த் தோலைப் போட்டுக்கொள்வோம் என்றார். மாரியன்புர்க்கிலிருந்து வந்த ஒரு குடியானவன் கொடுத்த தோல். துருவிக் கேட்டபோது மாற்றிச் சொன்னார்: தோல் இல்லை, புதருக்குள் போய் உடுப்பைக் கழற்றினால் ஓநாயாகிவிடுவோம். பெண்களும் உண்டா? உண்டு, ஆனால் கன்னிப் பெண்கள் இல்லை, அவர்கள் பாலும் வெண்ணெயும் திருடுகிற பறக்கும் பூதங்களாகிவிடுவார்கள். இந்த வித்தையை அடுத்தவனுக்குக் கொடுப்பது எப்படி? குடிக்கிற ஜாடியில் மூன்று தரம் ஊதி, எனக்கு ஆனது உனக்கும் ஆகட்டும் என்று கொடுக்க வேண்டும்.

பாதிரியாரைக் கூப்பிட்டு மனம் திரும்பச் சொல்ல வைத்தார்கள். கிழவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாதிரியார் சின்ன வயசுக்காரர், அவருக்கு இதெல்லாம் தெரியாது என்றுவிட்டார்.

*

நான் வங்கி குமாஸ்தா. கிராமத்துக் கிளை. பயிர்க் கடனில் தவணை தள்ளி வைக்கக் கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலையின் விதிகளில் இல்லை. ஆனால் எழுதத் தெரியாதவர்கள் வேறு யாரிடம் போவார்கள்? ஒரு நாள் வயதான அம்மாள் ஒருவர் வந்தார். படிவத்தில் சேதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.

"ஏம்மா, பயிர் எதனால போச்சு?"

"ஏரிக்கரைக் கன்னிமாருக்கு மூணு வருசமா பொங்கல் வெக்கல சார். பங்காளிங்களுக்குள்ள யார் வெக்கறதுன்னு வழக்கு. அம்மாங்க கோவிச்சுக்கிட்டாங்க. கெணத்துல தண்ணி எறங்கிப் போச்சு."

நான் எழுதினேன்: போதிய மழையின்மையால் மனுதாரரின் பயிர் சேதமுற்றது. படித்துக் காட்டினேன். நீங்க எழுதினா சரிதான் சார் என்று சொல்லி விரல் வைத்தார். தவணை தள்ளி வைக்கப்பட்டது. நான் பொய் எழுதவில்லை. மழையும் இல்லைதான். ஆனால் அவர் வாக்கியத்துக்கும் என் வாக்கியத்துக்கும் இடையில் ஒரு தெய்வக் கூட்டம், ஒரு பங்காளிச் சண்டை, மூன்று வருஷம், இவ்வளவும் காணாமல் போயின. அவர் 'நான்' என்று பேசினார். நான் 'மனுதாரர்' ஆக்கினேன்.

யூர்கன்ஸ்புர்க் எழுத்தரும் இதையே செய்தார். ஒரு குடியானவரின் பேச்சு ஜெர்மன் மொழியில், படர்க்கையில், கேள்வி பதில் என்ற சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. தீஸின் குரல் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வந்தபடி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அவரைத் தண்டித்தவர்கள் வைத்திருந்த காகிதத்துக்கு வெளியே அவருக்கு இருப்பே கிடையாது. ஏழையின் வார்த்தை வரலாற்றுக்குள் நுழைகிற வாசல் பெரும்பாலும் போலீஸும் கோர்ட்டும் கடன் பத்திரமும்தான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம். ஸ்டும்ப்பின் பதில்கள் கேள்விகளோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன. தீஸின் பதில்கள் பொருந்தவில்லை. அந்தப் பொருத்தமின்மையை எழுத்தர் சரிசெய்யாமல் விட்டார். திறமைக் குறைவா, நேர்மையா, சோம்பலா, எதுவானாலும் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நான் அந்த அம்மாளின் மனுவில் அவ்வளவுகூடச் செய்யவில்லை.

*

பொருந்தாத பதிலை நீதிமன்றம் விட்டு வைக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன ஆகும்? அதற்கும் வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃப்ரியூலி. அங்கே 'பெனந்தாந்தி' என்று சிலர். நல்ல வழி போகிறவர்கள் என்று அர்த்தம். பனிக்குடச் சவ்வு மூடியபடி பிறந்த குழந்தைகள் வளர்ந்து இதில் சேருவார்கள். வருஷத்தில் நான்கு பருவ நோன்புக் காலங்களில், இரவில், உடம்பு படுக்கையில் கிடக்க, ஆவி கிளம்பிப் போய்ச் சூனியக்காரர்களோடு சண்டை போடும். இவர்கள் கையில் பெருஞ்சீரகத் தண்டு, எதிரிகள் கையில் சோளத் தட்டை. ஜெயித்தால் விளைச்சல், தோற்றால் பஞ்சம்.

1575-இல் இந்தச் செய்தி முதன்முதலாகத் திருச்சபை விசாரணைக்காரர்களின் காதுக்கு எட்டியபோது அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிடிபட்டவர்கள், நாங்கள் கிறிஸ்துவின் கட்சி, சூனியக்காரர்களின் எதிரிகள் என்றார்கள். விசாரணை தொடர்ந்தது. தகப்பன் போய் மகன், மகன் போய் பேரன். அதே கேள்வி: பிசாசை எங்கே சந்தித்தாய்? 1640-களில் பிடிபட்ட பெனந்தாந்திகள் பிசாசைச் சந்தித்ததாகவும் சிலுவையை மிதித்ததாகவும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சுமார் எழுபது வருஷத்தில் கேள்வி, பதிலைத் தின்று முடித்துவிட்டது. இதில் பயங்கரம், அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதில்லை. தாங்கள் யார் என்று அவர்களே அப்படி நம்ப ஆரம்பித்திருக்கலாம் என்பதில் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்து எழுதியவர் கார்லோ கின்ஸ்பர்க். புத்தகம் 1966-இல் இத்தாலியில் வெளிவந்தது. தீஸின் வழக்கை அவர் தன் பெனந்தாந்திகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பல நூறு மைல் தள்ளி, வேறு மொழி, வேறு சபை, ஆனால் அதே இரவு யுத்தம், அதே தானியம். அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு உண்டான சிலிர்ப்பை மறைக்க விரும்பவில்லை.

*

ஆனால் கின்ஸ்பர்க் கையில் கிடைப்பதற்கு முன்பே கிழவர் வேறு கைகளில் மாறி வந்திருந்தார். காகிதக் கட்டை முதலில் அச்சேற்றியவர் ஹெர்மன் ஃபோன் புரூயினிங்க், 1924-இல். லாத்வியா சுதந்திர நாடாகிவிட்டது, 1920-இன் நிலச் சீர்திருத்தம் ஜெர்மன் பிரபுக்களின் பண்ணைகளைப் பறித்துவிட்டது. அந்தப் பிரபு வம்சத்தைச் சேர்ந்த ஒரு சரித்திரக்காரர் பழைய நீதிமன்றக் கட்டைப் பிரித்து, தன் முன்னோர் ஆண்ட குடியானவர் ஒருவரின் பேச்சை எடுத்துப் போடுகிறார்.

பத்து வருஷம் கழித்து, 1934-இல், வியன்னாவைச் சேர்ந்த ஓட்டோ ஹோஃப்லர் பண்டைய ஜெர்மானியரின் ரகசியக் குழுக்கள் பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில் அந்த ஆவணத்தை வைத்தார். அவருக்கு இது வெறும் கற்பனையில்லை. இளம் வீரர்கள் தோல் போர்த்தி வெறி கொண்டு ஆடிய சடங்கின் எச்சம், ஜெர்மானிய ஆண்மைக் குழுவின் தொடர்ச்சி. அவர் நாஜிக் கட்சிக்காரர் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த ஓநாய்க்கு எதற்கு இத்தனை தசை என்பது விளங்கும். லாத்வியக் கிழவர் ஜெர்மானிய வீரராகிவிட்டார். ஜெர்மன்காரர்களுக்குத் தனி நரகம் என்று அவர் சொன்னதும், கூட்டத்தில் பெண்கள் உண்டு என்று சொன்னதும் காகிதத்திலேயே இருந்தன.

கின்ஸ்பர்க் ஹோஃப்லருக்கு நேர் எதிரி. பாஸிஸ்டுகளால் தந்தையை இழந்தவர். அவருடைய வாசிப்பு தீஸை ஃப்ரியூலி வழியாகச் சைபீரியப் பூசாரிகள் வரை கொண்டுபோகிறது: பரவச நிலை, ஆவி உடம்பை விட்டுப் போவது, சமூகத்துக்காக இறந்தோர் உலகம் சென்று வருவது. ஆனால் தீஸ் ஆவியைப் பற்றிப் பேசவில்லை. கனவா, பிசாசின் மயக்கா என்று கேட்டபோது இல்லை, நிஜமாகவே போனோம் என்று சாதித்தார். உடைந்தது ஆவியின் மூக்கு இல்லை.

புரூஸ் லிங்கன் என்ற அமெரிக்க அறிஞர், 2020-இல் கின்ஸ்பர்க்கோடு சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தில், வேறு விதமாகப் பார்க்கிறார். இது எஜமானர்களின் மேல் குடியானவன் வைத்த மறைமுக விமர்சனம். விளைச்சலைத் திருடுகிறவன் யார்? தானியத்தை எடுத்துப் போகிறவன் யார்? ஓநாய் என்றும் நாய் என்றும் இழிவாகச் சொன்னவர்களிடமே, நாய்தான், ஆனால் கடவுளின் நாய் என்று திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம். இந்த வாசிப்புக்குத்தான் நான் மிக அருகில் இருக்கிறேன். ஆனால் மூக்கை உடைத்தவன் ஸ்கைஸ்தான். பிரபு இல்லை, பக்கத்து ஊர்க் குடியானவன். ஓநாய்கள் சுட்டுத் தின்ற ஆட்டுக்குட்டிகளும் ஏழைகள் வளர்த்தவையாக இருந்திருக்கும். அந்த அம்மாளின் வாக்கியத்தில் பங்காளிகள் இருந்த மாதிரி.

இவர்களில் எவரையும் நான் நீதிபதிகளோடு ஒரே தட்டில் வைக்கவில்லை. கின்ஸ்பர்க்கும் லிங்கனும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு, அந்தச் சண்டையை ஒரே அட்டைக்குள் அச்சிட்ட கண்ணியம் நம் விமர்சகர்களுக்குச் சுலபத்தில் வராது. ஆயினும் ஒன்று. எந்த வியாக்கியானம் ஒரு பிரதியில் எல்லாவற்றையும் பொருந்த வைத்துவிடுகிறதோ, அங்கே எனக்கு ஸ்டும்ப்பின் இடைவார் ஞாபகம் வருகிறது. கிடைத்தாலும் சாட்சியம், கிடைக்காவிட்டாலும் சாட்சியம். கவிதையை வாசிக்கிறபோதும் இதையே செய்கிறோம். கவிஞன் தோலைப் போட்டான் என்கிற வரியையும் தோலே இல்லை என்கிற வரியையும் நம் கொள்கைக்கு ஒப்புக்கொள்ள வைத்த பிறகே விடுகிறோம். உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

*

வெண்டன் மாவட்ட நீதிமன்றத்தால் தீர்ப்பளிக்க முடியவில்லை. கட்டு டார்பாட் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1692 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: மந்திரித்தும் குறி சொல்லியும் ஜனங்களைத் தெய்வ வழியிலிருந்து விலக்கியதற்காகச் சவுக்கடி, பிறகு ஆயுளுக்கும் நாடு கடத்தல். அவர் மாட்டுக்கும் மனிதருக்கும் நோய் நீங்க மந்திரித்து வந்ததுதான் கடைசியில் கையில் பிடிக்கக் கிடைத்த குற்றம். நரகத்துக்குப் போய் வந்ததை என்ன செய்வதென்று சட்டத்துக்குத் தெரியவில்லை.

அதன்பின் 1695. லிவோனியாவிலும் எஸ்தோனியாவிலும் கோடை முழுக்க மழையும் குளிருமாக இருந்தது, உறைபனி சீக்கிரமே வந்தது. பயிர் அழுகிற்று. 1697 வரை நீடித்த பஞ்சத்தில் எஸ்தோனிய ஜனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறந்து போனார்கள். ஸ்வீடனின் தானியக் களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பிரதேசம் அது.

இந்த இரண்டு பத்திகளையும் அடுத்தடுத்து எழுதியவுடன் எனக்கு ஒரு ஆசை வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தானியத்தை மீட்டு வருகிறவரை விரட்டினார்கள், மூன்றாம் வருஷம் தானியம் போயிற்று. எவ்வளவு நேர்த்தியான முடிவு. ஆனால் அது தீஸின் கதை இல்லை. அவரே அந்த வேலையை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எழுத்தில் நேர்த்தியான முடிவு வருகிறபோதெல்லாம் யாரோ ஒருவருடைய வாயை மூடிக்கொண்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பஞ்சத்துக்குக் காரணம் குளிர். மனுவில் நான் எழுதிய மாதிரி.

அந்த அம்மாள் நாளை மறுபடி வந்தாலும் அதையேதான் எழுதுவேன். கட்டத்தில் இடம் அவ்வளவுதான் இருக்கிறது. கன்னிமார் என்று எழுதினால் தவணை கிடைக்காது. ஆனால் மேலே எழுதியபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் எழுதியதைப் படித்துக் காட்டியபோது, விரல் வைப்பதற்கு முன்னால், அவர் லேசாகச் சிரித்தார். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள், நான் கேட்கவில்லை. யூர்கன்ஸ்புர்க் நீதிபதிகள் ஏன் சிரித்தாய் என்றாவது கேட்டார்கள்.